வேர் அழுகலுக்கு ஒரு வரி

மகளின் ஆர்க்கிட் தொட்டியில் வேர் அழுகிய நாற்றம் வந்ததும் எனக்குப் பழைய எரிச்சல் மூண்டது.

எழுபதுகளில், மலேசியாவின் பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மா, டவுனில் இருந்த ஆர்க்கிட் சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தார். அவருடைய ஒரே செடி இப்படி நாறி வாடியபோது, என்னையும் அழைத்துக்கொண்டு போய்ச் செயலாளரிடம் வழி கேட்டார்.

"குறிப்பு நோட்டுக்குத் தனி காசுலா, அக்கா."

"அப்ப சந்தா எதுக்கு அண்ணே?"

"கூட்டத்துல உக்கார்றதுக்கு."

அம்மா பணம் சேர்ப்பதற்குள், தினமும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியும் செடி செத்துப்போனது. ஆனாலும் நோட்டை வாங்கினார். அதில் வேர் அழுகலுக்கு ஒரு வரிதான் இருந்தது: 'அழுகியதை வெட்டிவிட்டுத் தண்ணீரை நிறுத்தவும்.'

அடுத்த கூட்டத்தில் அம்மா எழுந்து அதை உரக்கப் படித்தார்.

"உக்காருங்கக்கா!" என்று செயலாளர் அதட்டினார்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று, அம்மா மறுபடியும் படித்தார்.