நெல்லி மரத்தடி ராஜாவும் நானும்

எங்கள் புக்கிட் ரம்பாய் வீட்டுச் சமையலறையில், சாமி காலண்டர் தொங்கிய ஆணியில் இப்போது மலாக்கா மாநிலத்து வரைபடம் தொங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்பது. மருமகள் கோமதி எனக்காக வாங்கி வந்தாள். ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். காலையில் நான் தேத்தண்ணீர் ஆற்றும்போதே பரீட்சை ஆரம்பித்துவிடும்.

"அத்தை, மாநிலத்துல எத்தனை மாவட்டம்?"

"மூணு. அலோர் காஜா, மலாக்கா தெங்கா, ஜாசின். அடுப்பைப் பாருடி, பால் பொங்குது."

கல்யாணமாகிப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்த மலேசியாவுக்கு வந்தவள் நான். இத்தனை காலமும் சிவப்பு அடையாள அட்டைதான். இங்கே வாழலாம், ஓட்டுப் போட முடியாது. தேர்தலன்று பிள்ளைகள் வரிசையில் நிற்க, நான் வெளியே அவர்களுடைய பைகளுக்கும் குடைகளுக்கும் காவல். அந்தக் காவல் போதும் என்றாகிவிட்டது. குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன். மலாயில் நேர்காணல், மாநில வரலாறும் கேட்பார்கள் என்றார்கள்.

டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளில், எனக்கு மாநிலம் என்றால் என் நிரை மரங்கள், பிள்ளைகளை விட்ட ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், அவ்வளவுதான். அதற்கப்பால் யார் ஆண்டார்கள் என்று கேட்க யாருக்கு நேரம்? இப்போது கோமதி கைப்பேசியில் படக்கதை காட்டினாள். கடல் கடந்து வந்த ராஜா ஒரு மரத்தடியில் இளைப்பாறுகிறார். சருகுமான் ஒன்று வேட்டைநாயை எட்டி உதைக்கிறது. ராஜா அதை மெச்சி, மலாக்கா என்ற அந்த மரத்தின் மலாய்ப் பேரையே ஊருக்கு வைக்கிறார். இலையைப் பார்த்ததும் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டேன். நெல்லி! பிறந்த வீட்டுக் கிணற்றடியில் நின்ற அதே நெல்லி. தங்கச்சியும் நானும் அதைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, இனிக்குது இனிக்குது என்று கத்துவோம். அதன் பேர் வைத்த ஊரிலேயே இத்தனை வருசம் இருந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

நேர்காணல் செய்தவள் முக்காடிட்ட இளம்பெண். 'மக்சிக்', பெரியம்மா என்று மரியாதையாகத்தான் அழைத்தாள். ராஜா கதையைத் தோட்டத்து மலாயில் சொல்லி முடித்தேன்.

"அந்த ராஜா வெளியே இருந்து வந்தவரா, மக்சிக்?" என்றாள்.

என்னைத்தான் குத்துகிறாள் என்று நினைத்தேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

"ராஜா டூடோக் பாவா போக்கோக். சாயா தாடா டூடோக், சாயா கெர்ஜா!" என்றேன். ராஜா மரத்தடியில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை, வேலை செய்தேன்.

துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமதி என் தொடையைக் கிள்ளினாள். அந்தப் பெண்ணோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கேட்டது வெறும் பாடக் கேள்வியாம்.

"பாகுஸ், மக்சிக். லூலுஸ் லா." நல்லது, தேறிவிட்டீர்கள் என்றாள். கடிதம் வரும், பிறகு குடிமக்களுக்கான நீல அட்டை, இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினாள்.

"ஏன் அத்தை, ஆபீசர்கிட்டயேவா உங்க வாய்?" என்று கோமதி வீடு வரும்வரை பொருமினாள்.

மறுநாள் காலை தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப நம்ம வீட்டுக்கு வர நீ விசா வாங்கணுமாக்கா?"

"ஆமாடி. சர்க்காரைத்தான் கேக்கணும். உன்னைக் கேக்க மாட்டேன்."

"வா, வா. வந்தா கவனிச்சுக்கறேன்."

சிரித்தோம். அவள் பக்கம் சேவல் கூவியது; அங்கே அப்போதுதான் விடிகிறது. இங்கே வெயில் ஏறி, கொடியில் போட்ட என் சேலை பாதி காய்ந்திருந்தது.