வசம்பும் தேவாரமும்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம். மானிப்பாய்க்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டிலில் சின்னப் பிள்ளைகளுக்கான நேசறி நடந்தது. நாலு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கொட்டில் வாசலில் நான் போய் நின்ற காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மகள் கதைக்க மாட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். விறாந்தையில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவாள். ஒன்று விலகினால் பொழுதுபடும்வரை அழுவாள். ஆஸ்பத்திரியில் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு இதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல் எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை.

என் கணவர் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் அவருடைய கடிதம் வருவதே பெரிய காரியம். வீட்டில் நானும் அவளும்தான். காலை முதல் மாலைவரை வேறொரு மனிதக் குரலும் கேட்காமலே போன நாட்கள் உண்டு. கோயில் திருவிழாவுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். மேளச் சத்தத்துக்கு அவள் அலறினால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

வந்து எட்டிப் பார்த்தது கணவரின் அக்கா ஒருவர்தான். அந்த மச்சாள் ஒருநாள் சொன்னார்:

"நாக்குத் தடிச்சுப் போச்சடி. வசம்பைச் சுட்டுத் தேனிலை குழைச்சுத் தடவு. என்ரை மூத்தவனும் உப்பிடித்தான் இருந்தவன். இப்ப அவன்ரை வாயை மூட ஏலாமல் கிடக்கு."

நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன். மகள் என்னை 'அம்மா' என்று கூப்பிடும்வரை, நாள் தவறாமல் காலையில் சாமியறையில் தேவாரம் பாடி வசம்பு தடவுவேன் என்று. ஒரு வருடத்துக்கு மேலாகத் தடவினேன். வசம்பு கசக்கும், எரிக்கும். அவள் வாயைத் திறக்க மாட்டாள். மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தால் திறப்பாள். என் வாய் அப்போதும் தேவாரம் பாடிக்கொண்டுதான் இருக்கும். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் நான் செய்தது அதுதான்.

நேசறியில் முதல் நாள். பிள்ளைகள் எழுந்து நிற்க, ரீச்சர் தேவாரம் தொடங்கினார். முதல் வரி முடியவில்லை. மகள் வீரிட்டுக் கத்திக்கொண்டு வெளியே ஓடி வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மற்றத் தாய்மாரும் வாசலில் நின்றார்கள். "தேவாரத்துக்கு ஓடுற பிள்ளையை இண்டைக்குத்தான் காணுறன். என்னத்தைக் கண்டு ஓடுதோ," என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

சனசமூக நிலையத் தலைவர் வயதானவர், நல்லவர். என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, குறை நினையாதை. மற்றப் பிள்ளையளும் பயப்பிடுதுகள். வாற வெள்ளி மட்டும் பாப்பம்."

அந்தக் கதவும் பூட்டினால் எங்களுக்கு வேறு கதவு இல்லை. கூட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம், என் பிள்ளைக்குச் சாமியே ஆகாதா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் பின்னேரம் ரீச்சர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த இளம்பிள்ளை. 'இனி அனுப்ப வேண்டாம்' என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ விறாந்தை நிலத்தில் இருந்து, மகளைக் கூப்பிடாமல், அடுக்கியிருந்த வரிசையின் முடிவில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார். மகள் பார்த்தாள். அதைக் கொஞ்சம் நேராக்கினாள். எடுத்து எறியவில்லை.

அதன் பிறகு ரீச்சர் என்னிடம் கேட்டார்: "அக்கா, பொம்பர் பிளேன் வந்தால் உவள் காதைப் பொத்துறாள். தேவாரம் எண்டால் வாயைப் பொத்துறாள். அது ஏன்?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல இருந்தது. பெற்ற நான் அதைக் கவனிக்கவில்லை. காலையில் தடவிய வசம்பின் மணம் என் விரலில் இன்னும் போகவில்லை. ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். மூக்கைப் பிடித்ததையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "அவளுக்குச் சாமியிலை கோவமில்லை அக்கா. தேவாரம் கேட்டால் ஆரோ வாய்க்குள்ளை கை விடப்போகினம் எண்டு பயம். வசம்பை விடுங்கோ."

"நேர்த்தி, ரீச்சர். இடையிலை விட்டால் குத்தமாப் போயிடும்."

"பிள்ளையாரிட்டை நான் கதைக்கிறன். கோவிக்கிறதெண்டால் அவர் என்னோடை கோவிக்கட்டும்."

அன்றே வசம்புத் துண்டைக் கிணற்றடி வாழைக்குள் எறிந்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ரீச்சர் மகளைத் தேவாரத்துக்கு உள்ளே நிறுத்தவில்லை. வாசலில் பிள்ளைகள் கழற்றி எறிந்த செருப்புகளைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே பாட்டு நடக்க, மகள் ஒரு கையால் வாயைப் பொத்தியபடி மற்றக் கையால் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கினாள். ஓடவில்லை. பார்க்க வந்திருந்த தலைவர் தேவாரம் முடிந்து வெளியே வந்தபோது, அவருடைய பெரிய செருப்பும் சின்னச் செருப்புகளுக்கு நடுவே அளவாக நின்றது. அவர் காலை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"என்ரை வீட்டிலை இப்பிடி எடுத்து வைக்க ஒருத்தரும் இல்லை. இருக்கட்டும் ரீச்சர், பிள்ளை இருக்கட்டும்."

அப்படித்தான் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது.

வீட்டில் நான் தேவாரத்தை வாய்விட்டுப் பாடுவதை நிறுத்தினேன். சாமியறையில் உதடு அசையாமல் கும்பிட்டேன். இருந்த ஒரே குரலும் என்னுடையதுதான். அதுவும் நின்ற பிறகு அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனி மாதமளவில் ஒருநாள், கொடுக்க மறந்த தண்ணீர்ப் போத்தலோடு நேசறிக்குத் திரும்பவும் போனேன். உள்ளே தேவாரம். வாசலில் மகள் செருப்புகளுக்கு நடுவில். வாயில் கை இல்லை. சொல் இல்லாமல், பிசகாமல், அந்த ராகத்தை அவள் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கக் கால் எழுந்தது. அதற்குள் அவள் என்னைக் கண்டாள். பாட்டு நின்றது. கை வாய்க்குப் போனது.

அதன் பிறகு பல காலை நான் கிடுகு வேலிக்கு வெளியே ஒளித்து நின்றுதான் என் பிள்ளையின் குரலைக் கேட்டேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். ரீச்சர் எந்தத் திசையில் போனாரோ, இன்றுவரை தெரியாது. திரும்பி வந்தபோது வேப்பமரம் மட்டும் நின்றது. அவருக்கு நான் ஒரு நன்றிகூட வாயால் சொன்னதில்லை.

மகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. தண்ணி, சோறு, போதும் என்று சில சொற்கள் சொல்வாள். 'அம்மா' இன்னும் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நான் மறுபடி மெதுவாகத் தேவாரம் பாடத் தொடங்கினேன். அவள் சாமியறைப் படிக்கு வெளியே இருந்து ராகத்தை இழுப்பாள். உள்ளே வா என்று நான் கூப்பிடுவதில்லை, திரும்பியும் பார்ப்பதில்லை. முன்பு அவள் வாய் திறக்க வேண்டும் என்று நேர்ந்தேன். இப்போது என்னைக் கண்டு அது மூடாமல் இருந்தால் போதும் என்று கும்பிடுகிறேன்.