பென்சிலின் மேல் மை

என் மேசையில் பேனாக்களோடு ஒரு பென்சில் துண்டும் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பின்முனையில் பல் பதிந்த தடம். மஞ்சள் சாயம் உரிந்து உள்ளே மரம் தெரியும். என் மகள் இரண்டு முறை அதைக் குப்பையில் போட்டாள், இரண்டு முறையும் பொறுக்கி எடுத்து வந்தேன். "என்ன அத்தா இது, பெரிய பொக்கிஷமா?" என்று கேலி செய்தாள். பொக்கிஷமெல்லாம் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் என் மேசையில் விட்டுப்போனது. கண்ணில் பட்டால் பேனாக்களுக்கு அடியில் தள்ளி வைப்பேன். ஆனாலும் தூக்கிப் போட மனம் வருவதில்லை.

தாலுகா அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலம் அது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உப்புக் காற்று வயலைத் தொடுகிற ஊர்கள். தாலுகா எதுவென்று சொல்லப்போவதில்லை. எங்கள் தெருவில் மீசை முளைத்தவனெல்லாம் துபாய்க்கும் சவூதிக்கும் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, தினமும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும் அமைப்பைக் கட்டுகிற வேலைக்குப் போனேன். டெலிபோன் கம்பி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மாலை நாலரை மணிக்கு மோடம் கிறீச்சிடும். ஒரு வயலுக்கு ஒரு வரியாக அனுப்பியதில் எத்தனை வரி ஏற்கப்பட்டது, எத்தனை திரும்பியது என்று அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அறிக்கை வரும். வரி திரும்பாத நாளில் எனக்குச் சோறு நன்றாக இறங்கும். அப்படியொரு கர்வம் பிடித்தவனாக இருந்தேன்.

பென்சிலை விட்டுப்போன அந்த அலுவலரை ஊரில் எல்லோரும் கணக்குப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். ஊர்க் கணக்கு எழுதும் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்த பிறகு தேர்வெழுதி வந்தவர்தான். இருந்தும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் பாதி சொல்லிவிட்டுப் பாதியை விழுங்குகிற பேச்சு. அவருடைய ஊர் அடங்கலை, அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று வருஷா வருஷம் எழுதும் அந்த நீள நோட்டை, முதல்முறை பிரித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிலத்துக்காரர் பெயர் கறுப்பு மையில் முத்து முத்தாக இருந்தது. கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் குத்தகைக்கு உழுபவரின் பெயர் மட்டும் பென்சிலில், மூச்சுவிட்டால் அழிந்துவிடும் என்பதுபோல இருந்தது. அப்படிப் பதினோரு பெயர்கள்.

அது அவருடைய சோம்பேறித்தனம் இல்லை என்று பிறகு புரிந்தது. முன்னொரு அறுவடையின்போது குத்தகைத் தகராறில் அந்த ஊரில் இரண்டு பேர் வெட்டுப்பட்டுச் செத்திருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வாய்விட்டுப் பேசாமல் ஏற்பட்ட ஏற்பாடுதான் அந்தப் பென்சில். மையில் எழுதினால் நிலத்துக்காரர் சண்டைக்கு வருவார். எழுதாமலே விட்டால் குத்தகைக்காரர்கள் வருவார்கள். ஆட்சி இந்தக் கழகத்திலிருந்து அந்தக் கழகத்துக்கு மாறும். நிலத்துக்காரரின் தோளில் கிடக்கும் கட்சித் துண்டின் கரையும் கூடவே மாறும். பென்சில் மட்டும் மாறாது. வருஷக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு வரும் அதிகாரிகளும் அதைப் பார்த்தும் பாராமல் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு வந்த உத்தரவு ஒரே வரி: மையால் எழுதியதை மட்டும் ஏற்ற வேண்டும். கணக்குப்பிள்ளை மூன்று நாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். பென்சிலின் பின்முனையைக் கடித்துக்கொண்டே இருப்பார்.

"தம்பி, அந்தப் பேரையும் சேத்து ஏத்திடுங்களேன்."

"மையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க சார். உடனே ஏத்துறேன்."

"மையில எழுதுனா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"எழுதலன்னா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார். கம்ப்யூட்டர்ல இல்லாத பேரு இனிமே எங்கயும் இருக்காது."

இருபத்தாறு வயதில் எவ்வளவு சுலபமாக மிரட்டியிருக்கிறேன். நான்காம் நாள் அவர் வரவில்லை. மறுவாரம் வந்தார், உழுகிற பதினோரு பேரில் ஒருவரான ஓர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு. புருஷனைப் பறிகொடுத்து, ஒன்றேகால் ஏக்கரைத் தனியாளாக நடவும் அறுப்பும் பார்த்து வந்தவர். நோட்டைப் பிரித்தேன். பதினோரு பெயரும் மையில் இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் மேலேயும், கோடு பிசகாமல், பேனாவால் எழுதியிருந்தார். அழித்துவிட்டு எழுதியிருக்கலாமே என்றேன். "அழிச்சா திருத்துனதா ஆயிடும் தம்பி. இது ஏற்கெனவே இருந்ததுதானே, இருந்த எடத்துலயே இருக்கட்டும்" என்றார். நோட்டை மூடாமல் என் பக்கம் தள்ளினார்.

நானே உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஏற்றினேன். திரையில் தன் பெயரைக் காட்டச் சொன்னார் அந்த அம்மா. காட்டினேன். விரலால் தொட்டார்; திரையில் தேங்கியிருந்த மின்சாரம் சுள்ளென்று இழுத்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டு சிரித்தார். "உசுரோடதான் இருக்கு!" என்றார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கிளம்பும்போது பையிலிருந்த பென்சில் துண்டை எடுத்து என் மேசையில் வைத்தார். "இனிமே இது எனக்கு வேண்டாம்ல" என்றார்.

அன்று மாலை அந்தப் பதினோரு வரிகளும் திரும்பி வந்தன. பதிவு அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளும் மென்பொருளை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். அதில் குறிப்புக் கட்டத்துக்கு இடமே இல்லை. அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து இருந்தாலும் வரியைத் திருப்பிவிடும். கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. அதுவரை அனுப்பியதெல்லாம் ஒத்திகைதான்; திங்கட்கிழமை தொடக்க விழா, அமைச்சர் வருகிறார், பந்தல் போட்டாகிவிட்டது. "ஒரு வரிகூடத் திரும்பக் கூடாது, பாத்துக்கங்க" என்றார் தாசில்தார். பார்த்துக்கொண்டேன். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக்கி அனுப்பு என்று நிரலில் ஒரே ஒரு வரி எழுதினேன். எங்கள் கம்ப்யூட்டரில் பெயர்கள் அப்படியே இருக்கும்; போகிற நகலில் மட்டும் இருக்காது. மேடையில் அமைச்சர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் திரும்பவில்லை. எனக்குச் சால்வை போட்டார்கள்.

பதில் கடிதம் வந்ததும் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொரு நாலரை மணிக்கும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாலரை மணிக்கும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன்.

தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது அந்த வயல்களில் பொக்லைன் இறங்கியது. சென்னையில் இருந்த நிலத்துக்காரர் இறால் பண்ணைக்காரர்களுக்கு விற்றிருந்தார். குத்தகை ஏதும் உண்டா என்று பதிவு அலுவலகத்தில் பார்த்திருக்கிறார்கள். திரையில் எதுவும் இல்லை. கதிர் சாய்ந்து நின்ற சம்பாவைப் புரட்டிக் கரை போட்டார்கள். போலீஸ் காவலுக்கு நின்றது. மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிப்போனார்கள்.

தாலுகா அலுவலகத்துக்கு விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கணக்குப்பிள்ளை அடங்கலை நீட்டினார். அதிகாரி அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கீழ பென்சில், மேல மை. விஷயம் பெருசானதும் எழுதிச் சேத்தீங்களா?" என்றார். கணக்குப்பிள்ளை தலையசைத்து மறுத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உங்க மிசின்ல இருக்குமே, சொல்லுங்க" என்றார்.

இருந்தது. அன்று காலையிலேயே அதை அச்செடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். பெயர்கள் எந்தத் தேதியில் ஏறின என்பது அதிலேயே இருந்தது, பொக்லைன் வருவதற்குப் பல மாதம் முன்னால். அதை எடுத்துக் கொடுத்தால் அடுத்த கேள்வி, பதிவு அலுவலகத்துக்கு ஏன் போகவில்லை என்பதாகத்தான் இருக்கும். தாசில்தார் என்னைப் பார்த்தார். "மேலிடத்து உத்தரவு இல்லாம பதிவு எதையும் காட்ட முடியாது சார்" என்று சொன்னேன். அது என் குரல்தான்.

அரசு ஆவணத்தில் கைவைத்ததாகக் கணக்குப்பிள்ளை தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். வாசல் வேப்பமரத்தடியில் அந்த அம்மா நின்றிருந்தார், சேலையில் சேறு காய்ந்திருந்தது. "அன்னிக்குத் தொட்டுப் பாத்தேனே தம்பி, அது எங்க போச்சு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குள் கணக்குப்பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னிடம் நின்றார். "மிசின் ஏமாத்தாதுன்னு இவங்க பதினோரு பேரு வீட்லயும் நான்தான் தம்பி போய்ச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து, வழக்கு முடியாமலே இறந்துபோனார். நான் மாவட்டத் தலைநகருக்குப் பதவி உயர்வில் போயிருந்தேன், சாவுக்குப் போகவில்லை.

இப்போது நில விவரம் எல்லாம் போனிலேயே தெரிகிறது. போன வாரம் அந்தச் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்தேன். இறால் பண்ணையும் நொடித்து, உப்பு பூத்த தரிசாகக் கிடக்கிறதாம். குறிப்புக் கட்டம் இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை.

அலமாரியிலிருந்து அந்த அச்சுத்தாளை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் ரிப்பன் மை வெளிறி, பதினோரு பெயரும் தாளோடு தாளாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. பென்சில் துண்டை எடுத்து, மை இருந்த தடத்தின் மேலேயே, கோடு பிசகாமல் எழுதப் பார்த்தேன். இரண்டாம் எழுத்திலேயே கோடு பிசகியது.