கதவு லைனைக் கழற்றியவர்

எங்கள் ஊரிலேயே முதல் பட்டதாரி நான். கார் கம்பெனியில் பயிற்சி என்ஜினியராகச் சேர்ந்த அன்று, கழுத்தில் அடையாள அட்டை ஆட, லைனில் வந்த புதுக் காரின் கதவைப் படாரென்று சாத்தினேன்.

"தம்பி, அந்தக் கதவு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கேட்டவர் காருக்குக் கதவு மாட்டுகிறவர். எல்லோருக்கும் கதவண்ணன். அன்று மதியமே தன் சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

எங்கள் கார்கள் கம்பெனியின் தாய்நாட்டுக்குத்தான் கப்பலேறின. அங்கே இறக்குமதிக் கார்களுக்கு வரியை ஏற்றினார்கள். வரி கட்டி விற்பதைவிட இங்கே ஆலையை மூடிவிட்டு அங்கேயே செய்துகொள்வது மேல் என்று கம்பெனி முடிவெடுத்தது. இயந்திரங்களைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கச் சிலரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். அவரவர் லைன் கழற்றி முடிகிற வரைதான் வேலை. கம்பெனிக் குடியிருப்பில் வீடும் அதுவரைதான்.

கதவண்ணனின் மகளுக்கு அது பள்ளி இறுதியாண்டு. பள்ளி குடியிருப்புக்கு எதிரிலேயே இருந்தது. "அவ பரீட்சை முடியிற வரைக்கும் எப்படியாவது இழுத்துருங்க," என்று அண்ணி தினமும் சொல்லி அனுப்புவார்.

அவருக்கு இழுக்கத் தெரியவில்லை. கை நின்றால் அடுத்த கார் வந்து இடிக்கும் என்றே பழகிய உடம்பு. மற்றவர்கள் போல்ட்டுக்கு ஒரு டீ என்று போய்வந்தார்கள்.

"யாருண்ணே துரத்துறா? கார் வர்ற பெல்ட்டுதான் நின்னுபோச்சே!" என்றார் பக்கத்து லைன் வெல்டர்.

"தெரியுதுடா. கை கேக்க மாட்டேங்குது."

"அப்ப கைய வீட்ல வச்சிட்டு வாங்க."

மறுநாள் கதவண்ணன் ஸ்பேனரைப் பெட்டியில் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், கழற்றிய போல்ட்டுகளைத் துடைத்து அளவுவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தார். மதியத்துக்குள் ஸ்பேனர் கைக்கு வந்துவிட்டது.

கதவு லைன்தான் முதலில் முடிந்தது. மேலாளர் வந்து கைகுலுக்கினார். அந்த வாரமே வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள்.

"பரீட்சை வரைக்குமாவது விடுங்க சார்," என்று நானும் மேலாளரிடம் போய்க் கேட்டேன்.

"வேலை இருக்கிறவங்களுக்குத்தான் வீடு. இவர் வேலைதான் முடிஞ்சிருச்சே!"

அண்ணி அவரைத் திட்டவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டியபடி, "பரவால்ல, நல்ல பேரு வாங்கிட்டீங்க," என்றார். அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது கதவண்ணன் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் உடைந்த கார்களைப் பிரிக்கிறார். இரவில் அங்கேயே படுத்துக்கொள்கிறார். அண்ணியும் மகளும், பள்ளிக்கு வந்துபோக முடியாத தூரத்தில், அண்ணியின் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். மகள் பரீட்சை எழுதவில்லை.