கண்ணுக்கு ஊற்றிய மருந்து

மில்லர்புரத்தில் தம் பலசரக்குக் கடையின் முன்னால் குந்தி, தம் நாய் டைகரின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்தபடி பெரியப்பா சிரித்த சிரிப்பு இன்றும் கண்முன் நிற்கிறது. "பாரும் அண்ணாச்சி, ஒரு கறை உண்டுமா? நாம வெளக்குத பல்லுகூட இப்படி இருக்காது" என்பார். அரிசி வாங்க வந்தவர் நாயின் பல்லை மெச்சிய பிறகுதான் பெரியப்பா தராசில் கை வைப்பார். அந்த வெண்மைக்கு அவர் சொன்ன காரணம் எலும்பு. ஞாயிறுதோறும் கறிக்கடையில் தொடை எலும்பாகக் கேட்டு வாங்கி, சூப்பு வைத்து வீட்டார் குடித்த பின், வெந்து இறுகிய எலும்பை நாய்க்குப் போடுவார். அதுவே அதற்குப் பல்பொடி என்பது அவர் தீர்ப்பு. அவர் தூக்கிக் காட்டியதோ முன்வரிசையை மட்டும். கன்னத்துக்குள் அவரும் பார்த்ததில்லை. மெச்சியவர்களும் பார்க்கக் கேட்டதில்லை.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது டைகரின் வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் எழுந்தது. கண்ணருகே வந்ததால் கண்நோய் என்று முடிவாயிற்று. சொட்டு மருந்து ஊற்றினார். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். வீக்கம் உடைந்து வற்றியபோது கடை முழுக்க வெற்றி முழக்கம். சில வாரங்களில் அதே இடம் மீண்டும் வீங்கியது. நாய் ஒரு பக்கமாகவே மென்றது. கவ்விய சோற்றை நழுவவிட்டது. அதன் வாய் நாற்றம் கருவாட்டுக் கூடையைத் தோற்கடித்தது. வாயைத் திறந்து பார்க்கலாம் என்றேன். "பல்லுல என்னளா குறை? ஊரே பாத்த பல்லு!" என்றார். தம் பெருமைக்கு ஊரையே சாட்சியாக நிறுத்தியவரிடம் எந்த வாதம் எடுபடும்?

ஒருநாள் காலை அவர் டைகரின் கன்னத்தைத் தடவப்போக, அது சீறிக் கையைக் கவ்விவிட்டது. "சோறு போட்ட கையக் கடிக்குது. மீன்பிடித் துறைமுகத்துல கொண்டு விட்டுருவோம். அங்கன தின்ன மீனு கெடைக்கும்" என்றார். மெல்ல முடியாத உயிரை மீன் தின்னத் துரத்தும் நீதி! மேடைகளில் எதிரணியை வாயடைக்க வைத்துப் பரிசு வாங்கியவள் நான். வலியால் கடித்ததை நன்றி கெட்டது என்று சொல்ல யாருக்கு உரிமை என்று, கடை வாசலென்றும் பாராமல் முழங்கி, மருத்துவரிடம் பல்லைக் காட்டச் சொன்னேன். "பட்டிமன்றமா நடத்துத? நாய்க்குப் பல் டாக்டராம்லா! நம்ம தெருவுல பாதிப் பேருக்குப் பல்லே கெடையாது, எவன் போனான்?" என்றார் பெரியப்பா. நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். என் எதிரணிக்கு விழுந்த கைதட்டலை நான் கேட்டது அன்று மட்டும்தான்.

மறுநாள் விடியுமுன் நாயை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனையில் போய் நின்றேன். மயக்க மருந்து கொடுத்த பின், மருத்துவர் அம்மா அதன் கன்னத்தை ஒதுக்கிக் காட்டினார். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. "வேர் கண்ணுக்குக் கீழ வரைக்கும் போவுது, அதான் அங்கன வீங்குது. கண்ணுல ஒண்ணுமில்ல. வெந்த எலும்பு போடுவீங்களோ? அதக் கடிச்சாத்தான் பல்லு இப்படிப் பிளக்கும்" என்றார். பல்லைப் பிடுங்கினார். இரண்டாம் நாளே டைகர் தட்டை நக்கிக் காலி செய்தது.

துறைமுகப் பேச்சு அடங்கியது. ஆனால் பெரியப்பா திருந்தினாரா? "என் சொட்டு மருந்து கொஞ்சம் லேட்டாக் கேட்டுருக்கு" என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னார். அடுத்த ஞாயிறு மீண்டும் சூப்பு எலும்போடு வாசலுக்கு வந்தார். தையல் பிரியாத வாயோடு நாய் அவரிடம் ஓடியதைப் பார்த்தேன். எலும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, டைகரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

இப்போது தினமும் மாலையில், நாய்களுக்கென்று விற்கும் பற்பசையை விரலில் எடுத்து அதன் கடைவாய் வரை தேய்க்கிறேன். பெரியப்பா அவ்வப்போது வருகிறார். அவர் குரல் கேட்டதும் அது இடுப்பு ஒடிய வாலாட்டி ஓடி, ஒரு காலத்தில் தொடவிடாத அந்த வலது கன்னத்தையே அவர் உள்ளங்கையில் சாய்க்கிறது. "கண்ணு இப்பத் தேவலையாலே?" என்று அதனிடம் கேட்கிறார். "பல்லு, பெரியப்பா" என்கிறேன், தெருவுக்கே கேட்கும்படி. அவர் காதில் அது விழுவதில்லை. நாய்க்கு எல்லாம் மறந்துவிட்டது. அவர் முன் நான் ணங்கென்று வைக்கும் காபி டம்ளர்தான் ஒவ்வொரு முறையும் பாதி சிந்திவிடுகிறது. நான் துடைப்பதில்லை.