வேலை நாளில் போடாத மாத்திரை

அம்மாவின் கால் வீக்கம் வடியவில்லை. சிறுநீரகம் பலவீனமாகிவிட்டதால் பழைய நீர் மாத்திரை இனிப் போதாதென்று பலாங்கொடை கிளினிக்கில் வேறொன்று கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் போனபோதும் டொக்டர் விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

இன்னொரு மாத்திரையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் உடம்பின் உப்புச் சத்து இறங்கலாம், சிறுநீரகம் இன்னும் கெடலாம், அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"புள்ள, வேல நாள்ல நான் போன மாசம் குடுத்த மாத்திரைய போடுறதில்ல. போட்டா அடிக்கடி ஒதுங்கணும். தேயிலக் கொழுந்து பறிக்கிற மலையில எங்க போறது? பக்கத்துலயே ஆம்பளைங்க மருந்தடிக்கிறாங்க."

அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வேலை எப்போது முடியும் என்று கேட்டார். புது மாத்திரை வேண்டாம், இருப்பதையே வீடு வந்ததும் போடட்டும் என்றார்.

அதன்பின் தினமும் அம்மா தோட்டத்திலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நீட்டினேன். அவர் எழுந்து ஒதுங்கப் போகும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

வீக்கம் மெல்ல வடிந்தது. சிறுநீரகம் தேறவில்லை என்று இரத்தச் சோதனையில் தெரிந்தது. அடுத்த சோதனை வரைக்கும் அம்மாவின் கணுக்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"விடுடி, வலிக்குது," என்றார் அம்மா.