ரீஃப் போடலாம்னு யார் முதல்ல சொல்றது

எங்க அண்ணன் ஜெகன் செத்து நாலு மாசம் ஆகுது. நானும் அவனும் காயல்ல, கடலோரக் கழியில, ஒரே கிளப்புல பாய்ப்படகு ஓட்டினோம். புதுசா வந்தவங்க ரீஃப் எப்படிப் போடுறதுன்னு கேக்குறீங்க. எழுதியே தர்றேன்.

1. வேலை

காத்து கூடும்போது பெரிய பாயை அடியில மடக்கிச் சின்னதாக்குறதுதான் ரீஃப். படகு மூக்கைக் காத்துக்கு நேரா திருப்பி, பெரிய பாயை இழுத்துப் பிடிக்கிற மெயின்ஷீட் கயித்தைத் தளர்த்தணும். பாயை ஏத்துற கயித்தை அடையாளம் வரைக்கும் இறக்கி, முன்பக்க வளையத்தைக் கொக்கியில மாட்டி, கயித்தைத் திரும்ப இறுக்கணும். அப்புறம் பின்பக்க ரீஃப் கயிறு. பூம், அதாவது பாய்க்கு அடியில இருக்கிற கம்பு, அதோட பாய் ஒட்டுற வரைக்கும் இழுக்கணும். நடுவுல தொங்குற சின்னக் கயிறுகளைக் கடைசியில லூசா கட்டுங்க. பாரம் அதுல விழுந்தா பாய் கிழிஞ்சிரும்.

இதெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும்.

2. எங்க பழக்கம்

கிளப்புல, தண்ணியில போய் எவன் முதல்ல "ரீஃப் போடலாமா"ன்னு கேக்குறானோ, அவனுக்கு அன்னைக்கு முழுக்க "சேச்சி"ன்னு பேரு, மலையாளத்துல அக்கா. "சேச்சிக்கு ஒரு சாயா." "சேச்சி, தூறுது, குடை வேணுமா?" அண்ணன் ஒருதடவை கேட்டுட்டு, ஒரு நாளோட விடாம ஒரு வாரம் பட்டான். அதிகமா கூப்பிட்டது நான்தான்.

3. அந்த மதியம்

படகுல நாங்க ரெண்டு பேர் மட்டும். மேகம் கறுத்துட்டு வந்துச்சு. அண்ணன் அதைப் பாத்தான், என்னைப் பாத்தான்.

"காத்து கூடுதுல்லலே?"

"கூடட்டும். உனக்கென்ன?"

"எனக்கொண்ணுமில்ல. உனக்கு வேணும்னா சொல்லு."

"எனக்கெதுக்கு? நீ சொல்லேன்."

சிரிச்சான். ரீஃப் வேணும்னு எனக்கும் பட்டுச்சு. சொல்லல.

கரைக்குத் திரும்பும்போது காத்து பின்னால. முழுப் பாய். சுக்கான் என் கையில நிக்கல. பூம் ஒரே வீச்சுல இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போச்சு. அண்ணன் பின்மண்டையில அடிச்சுது, தண்ணியில விழுந்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், அதனால மிதந்தான். இழுத்துப் போட்டுக் கூப்பிட்டேன். மூச்சு இல்ல.

4. மதினி

கரமனையில நாங்க மூணு பேரும் ஒரே வீடு. பதினாறாம் நாள் முடிஞ்சு மதினி கேட்டா.

"ஏன் தம்பி, அவரு பாயைச் சுருக்கச் சொல்லலியா?"

"இல்ல மதினி."

"நீங்க?"

"நானும் சொல்லல."

"ஏன்?"

சேச்சின்னு கூப்பிடுவாங்கன்னு சொன்னேன். எழுந்து உள்ள போயிட்டா. சோறு வைக்கிறா, பேசுறதில்ல.

இப்ப நான் கரையிலேயே ரீஃப் போட்டுட்டுத்தான் இறங்குறேன். "காத்தே இல்லல்லோடா"ன்னு கிளப்புல சொல்லிக் கொடுக்கிற சார் கேக்குறார். கேக்கட்டும். ரீஃப் வேணுமோன்னு மனசுல பட்டா அந்த நிமிஷமே வாயைத் திறந்து சொல்லிடுங்க. எனக்குப் பட்ட பிறகும், பூம் வீசுறதுக்குக் கால் மணி நேரம் இருந்துச்சு.